ஐஸ் கூடாரத்து அக்கா

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் அழைப்பு மணியை உடனே அடிக்கவில்லை. சிட்னியில், நார்த்மீடில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தச் சிறிய வீட்டை முதலில் வெளியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். நான் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சேலைக்கு மேல் பச்சை மழைக்கோட்டு, ஆண்கள் போடுகிற மாதிரியான சப்பாத்து, இறுக்கிச் சுருட்டிய கொண்டை. கதவைத் திறக்கலாமா, கணவருக்கு அலுவலகத்துக்கு போன் செய்யலாமா, அல்லது வீட்டில் யாருமில்லாததுபோல் பேசாமல் இருந்துவிடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்தது.

"மேற்குப் பக்க யன்னலின்ரை கொக்கி ஆடுது," என்றார். வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. "இப்ப தெரியாது. ஆகஸ்டிலை காத்து எழும்பேக்கை அடிச்சு உடைக்கும். பிள்ளையின்ரை தொட்டில் எங்கை கிடக்கு?"

தொட்டில் அந்த யன்னலுக்குக் கீழேதான் கிடந்தது.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தொட்டிலின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்து, மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொல்லி, அறையின் மறுமூலைக்கு நகர்த்தினார். அதற்குப் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னார். என் கணவரோடு வேலை செய்யும் பொறியியலாளர் ஒருவரின் மனைவி. பரமட்டாவில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். சிட்னித் தமிழர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் "ஐஸ் கூடாரம்". அவருக்கும் அது தெரியும். இப்போது அவர்கள் மெல்பேணுக்கு மாறிப் போய்விட்டார்கள். என் மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டாவது மடியில் இருக்கிறது. அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்தும், அவர் வாசித்தால் எங்கே பிழை பிடிப்பாரோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பிடிக்கட்டும்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணமான பொருள் அவர்களுடைய கார்க் கொட்டகையில் சுவரோடு சாய்ந்து நிற்கும். சிட்னிக்கு வருமுன் அவர்கள் கனடாவில், வினிபெக்கில் சில வருடங்கள் இருந்தவர்கள். அங்கே மாரிக் குளிரில் ஏரிகள் உறைந்து கல்லாகிவிடுமாம். அந்த ஐஸின் மேல் ஒரு சின்னக் கூடாரத்தை வைத்து, ஐஸில் ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை விட்டு மீன் பிடிப்பார்களாம். மரச்சட்டமும் தடித்த கன்வஸ் துணியும் பலகைத் தளமுமாக, மடித்துக் காரின் மேல் கட்டிக்கொண்டு போகக்கூடிய அப்படி ஒரு கூடாரத்தை, ஐஸே உறையாத சிட்னிக்கு அவர்கள் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவின் கணவருக்கு மீன் மணமே ஆகாது. "நான் பியானோ கொண்டுவருவம் எண்டனான். உவ கூடாரத்தைக் கொண்டுவந்தா," என்று அவர் எல்லோரிடமும் முறைப்பாடு சொல்வார்.

பலகைத் தளத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள் இருந்தன. தூண்டில் விடுவதற்கு. அது தெரியாத ஒருவர் கொட்டகையில் எட்டிப் பார்த்து, "ஏன் தங்கச்சி, கக்கூஸைப் போய் இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தனீங்கள்? அதுவும் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி?" என்று கேட்டுவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கூடாரத்தை அங்கேயே விரித்து, அவரை உள்ளே ஒரு மணைக்கட்டையில் இருத்தி, ஓட்டைக்குள் நூலைத் தொங்கவிட்டு, ஐஸ் மீன்பிடியை முதலிலிருந்து கடைசிவரை விளங்கப்படுத்தி முடித்த பிறகுதான் அவரை வெளியே விட்டார். அந்த மனிதர் அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போனதாக நான் கேள்விப்படவில்லை.

அக்காவின் பேச்சில் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவர் பெருமைப்பட்டது மீனைப் பற்றி அல்ல. பிடித்த மீனின் கதையை நான் அவரிடம் கேட்டதே இல்லை. கூடாரம் காற்றில் பறக்காமல் நின்ற கதைகள்தான் கேட்டிருக்கிறேன். அவர்கள் போன முதல் மாரியில் அது பறந்ததாம். பறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வழுக்கலான ஐஸின் மேல் பாய்மரக் கப்பல்போல ஓடியதாம், கணவரும் தேத்தண்ணிக் கேத்திலும் உள்ளே இருக்க.

"நான் பின்னாலை ஓடுறன். அவர் உள்ளுக்கை இருந்து 'நிப்பாட்டு, நிப்பாட்டு' எண்டு கத்திறார். நான் என்ன பஸ் டிரைவரே?"

மறுகரையில் நாணலுக்குள் போய் முட்டித்தான் நின்றதாம். அதன் பிறகு அக்கா கூடாரம் கட்டுவதை ஒரு பாடமாக எடுத்துப் படித்திருக்கிறார். ஐஸில் முளை அடித்தால் பிடிக்காது, வெயில் பட்டதும் முளையைச் சுற்றி இளகிவிடும். அதனால் ஒரு சாண் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஐஸில் துளைத்த சின்ன ஓட்டைக்குள் கட்டையை நிமிர்த்தி இறக்கிவிடவேண்டும். அடியில் போனதும் கட்டை குறுக்கே படுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஏறி வராது. "சட்டைப் பொத்தான் மாதிரி," என்பார் அக்கா. சிட்னிக் கடற்கரை மணலிலும் அவர் அதையேதான் செய்தார். ஆழமாகத் தோண்டிக் கட்டையைக் குறுக்கே புதைத்து, ஈர மணலால் மூடி, மேலே ஏறி மிதிப்பார். கூடாரத்தின் முதுகு காற்றுக்கு, வாசல் மறுபக்கம். முதலில் கட்டுவது காற்று வருகிற பக்கத்துக் கயிறு. கன்வஸின் கீழ் விளிம்பின் மேல் சுற்றிவர மணலைக் குவிப்பார், வினிபெக்கில் பனியைக் குவித்ததுபோல. இதெல்லாம் முடியும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார், மழை பெய்தாலும்.

இந்தப் பழக்கம் கூடாரத்தோடு நின்றிருந்தால் அவரை எல்லோருக்கும் பிடித்திருக்கும். நிற்கவில்லை. பிறந்தநாள் வீட்டுக்குப் போனால் பலூன் கட்டிய நூலை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார். ரயில் நிலையத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குழந்தை வண்டியைத் தண்டவாளத்துக்கு நேரே நிற்காதபடி பக்கவாட்டில் திருப்பி வைப்பார். அவள் முறைத்தால், "உருளும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் அவர்மேல் ஒருமுறை கோபம் வந்தது. பிள்ளைக்கு நான் போட்டிருந்த கம்பளிச் சட்டைகளைப் பார்த்து, எல்லோர் முன்னாலும், "ஏன் இவளை அவிக்கிறீர்? உள்ளுக்கை வேர்த்து, அந்த வேர்வைதான் குளிருது," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பிள்ளையின் முதுகு நனைந்திருந்தது.

ஆனால் நான் அவரை நினைப்பது அதற்காக அல்ல. அந்த முதல் வருடம் எனக்குப் பயம்தான் முழுநேர வேலை. பிள்ளைக்குச் சளி பிடித்தால் நெஞ்சுக்குள் விசில்போல ஒரு சத்தம் கேட்கும். ஊரில் என்றால் கேட்பதற்கு ஆட்கள் இருப்பார்கள். இங்கே நான் கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். குழந்தைகள் நல நிலையத்துத் தாதி, "கவலைப்படாதே கண்ணே, முதல் பிள்ளை அல்லவா," என்று என் கையைத் தட்டினார். கணவர், "ஒண்டுமில்லை" என்றார். போன் செய்தால் சிநேகிதிகள், "நீ கனக்க யோசிக்கிறாய்," என்றார்கள். அவர்கள் எல்லோரும் என்மேல் அன்புள்ளவர்கள். ஆனாலும் அந்த வார்த்தைகளைக் கேட்ட பிறகு என் பயம் குறைந்ததில்லை. அதை வெளியே சொல்கிற துணிவுதான் குறைந்தது.

அக்கா ஒருநாளும் "ஒண்டுமில்லை" என்று சொன்னதில்லை. குசினி மேசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து, "என்ன பயம்? ஒவ்வொண்டாச் சொல்லும்," என்றார். நான் சொன்னேன். நித்திரையில் மூச்சு நின்றுவிடுமோ என்று. காய்ச்சல் ஏறிவிடுமோ என்று. பால் போதவில்லையோ என்று. ஹீட்டர் தீப்பிடித்துவிடுமோ என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் அவசரப்படாமல் யோசித்தார்.

"பால்? பிள்ளை நிறை கூடுது. அந்தப் பக்கத்தாலை ஒண்டும் வராது, அதை விடும். காய்ச்சல்? இப்ப உடம்பு சுடேல்லை, அதையும் விடும். மூச்சு? அதுக்குப் பயப்பிடத்தான் வேணும். விலா எலும்புக்கிடையிலை தோல் உள்ளுக்கை இழுபட்டால் உடனை ஆஸ்பத்திரிக்குப் போம், ஒருத்தரையும் கேளாதையும். ஹீட்டர் யன்னல் சீலைக்குக் கிட்டக் கிடக்கு. எழும்பும், தள்ளுவம்."

தள்ளினோம். என் பயங்களில் பாதி பொய் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மீதிப் பாதி மெய் என்று அவர் ஒத்துக்கொண்டதுதான் ஆறுதலாக இருந்தது. இது சரியான மனநிலைதானா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வருட ஆடி அமாவாசை, என் கணவருக்குத் தகப்பனில்லாத முதல் ஆடி அமாவாசை. மாமா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது இவரால் போக முடியவில்லை. விமானச் சீட்டுக்கும் லீவுக்கும் ஓடித் திரிந்து முடிப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இவர் அதிகம் பேசமாட்டார். அமாவாசை நெருங்கியபோது மட்டும், "கடலிலை முழுகி எள்ளும் தண்ணியும் இறைக்கவேணும். நீரும் பிள்ளையும் பக்கத்திலை நிக்கவேணும். அப்பா பிள்ளையைப் பாக்கேல்லை," என்றார். நான் சரி என்றேன். சொன்ன உடனேயே பயம் பிடித்தது. ஊரில் ஆடி அமாவாசை வெயில் காலத்தில் வரும், கீரிமலைத் தீர்த்தத்தில் முழுகி எழுந்தால் சுகமாக இருக்கும். இங்கே அது நடுங்கும் குளிர்காலம். சிட்னியின் மேற்குக் காற்று எழும்புகிற காலமும் அதுதான். பிள்ளைக்கு விசில் சத்தம் நின்று இரண்டு கிழமைகூட ஆகவில்லை. விட்டுவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லை. போகாமல் விட்டால் இவருடைய மனம் என்ன ஆகும், போனால் பிள்ளையின் நெஞ்சு என்ன ஆகும் என்று நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"காத்து மேற்காலை வரும்," என்றார் அக்கா. "நான் கூடாரத்தைக் கொண்டு வாறன்."

தகப்பனை இழந்த நாலைந்து ஆண்கள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பொட்டனிக் குடாக் கரைக்கு வந்திருந்தார்கள். ஐயர் கிடையாது. ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து, மகனோடு வந்து தங்கியிருந்த ஒரு பெரியவருக்கு மந்திரங்கள் மனப்பாடம். அவரை எல்லோரும் அங்கிள் என்போம். முதலில் முழுகி ஈரவேட்டியோடு தர்ப்பணம், பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு தகப்பன்மாரின் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றிப் படையல், அதன் பிறகு விரதம் முடித்துச் சாப்பாடு என்று அங்கிள் ஒழுங்கு சொன்னார். அந்தக் காற்றில் விளக்கு எப்படி நிற்கும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அக்காவின் ஸ்டேஷன் வாகனின் மேல் இருந்து இறங்கிய கூடாரத்தைப் பார்த்ததும் அங்கிளின் முகம் கோணியது.

"மீன் பிடிக்கிற சாமானல்லோ இது? இண்டைக்கு விரத நாள்."

"அங்கிள், தூண்டில் வீட்டிலை. கூடாரம் விரதம்தான், காலமையிலையிருந்து ஒண்டும் தின்னேல்லை."

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். அங்கிளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அக்கா வழக்கம்போல மேற்குக்கு முதுகு வைத்துக் கட்டினார். வாசல் தானாகவே கிழக்குப் பார்த்து, கடலை நோக்கி அமைந்தது. "கிழக்கு வாசல், நல்லது," என்று அங்கிள் சமாதானமானார். உள்ளே பலகையில் படங்களும் விளக்கும் படையல் சாமானும் வைத்தார்கள். ஒரு மூலையில் அக்கா மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் கேத்திலை ஏற்றினார். என்னையும் பிள்ளையையும் உள்ளே இருத்தினார். கூடாரத்தின் முதுகில் உள்ளங்கை அளவு ஒரு பிளாஸ்டிக் யன்னல் உண்டு.

"நீர் பயப்பிடுற ஆள். அதாலை சொல்லுறன், உதாலை கயிறுகளைப் பாத்துக்கொண்டிரும்," என்றார். "உந்த ஆம்பிளையள் பாக்கமாட்டினம். உவைக்குப் பயமில்லை."

அவர் தண்ணீர்க் கரைக்குப் போனார். உள்ளே காற்று இல்லை. அடுப்பின் சூடு இதமாக இருந்தது. பிள்ளை என் மடியில் ஒரு மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாசல் இடைவெளியால், முழங்காலளவு தண்ணீரில் இவர் நின்று இரண்டு கையாலும் எள்ளும் தண்ணீரும் விடுவது தெரிந்தது. குளிரில் தோள்கள் நடுங்கின. வாய் மட்டும் அங்கிள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

முழுகியவர்கள் கார்களுக்குப் பின்னால் போய்க் காற்சட்டையும் கம்பளிச் சட்டையும் மாற்றிக்கொண்டு வந்தார்கள். கையில் பிழிந்த வேட்டிகள். நம் ஆண்களுக்கு ஈரவேட்டியைப் பையில் சுருட்டி வைக்கத் தெரியாது, எங்கேயாவது உதறி விரித்தால்தான் மனம் ஆறும். சுற்றிப் பார்த்தார்கள். கொடி கட்ட மரமில்லை. கூடாரத்தின் மேற்குப் பக்கத்தில் இரண்டு கயிறுகள் விறைப்பாக நின்றன. அங்கிளின் வேட்டி முதலில் ஏறியது, பிறகு மற்றவர்களுடையவை. என் கணவரும் தன்னுடையதைக் கொண்டுவந்து விரித்தார்.

யன்னலின் முக்கால்வாசியை வெள்ளை மறைத்தது. வேட்டிகள் காற்றைக் குடித்து வயிறு ஊதின. கயிறு அதுவரை விறைத்து நின்றதே தவிர ஆடவில்லை. இப்போது அது பக்கவாட்டில் இழுபட்டு ஆடத் தொடங்கியது. கார்கள் நின்ற பக்கத்து மூலையில் கன்வஸின் விளிம்பிலிருந்த மணல் மெல்ல உள்ளே வழிந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், தெரிந்துவிட்டதா என்று யோசித்தேன். தர்ப்பணம் செய்த வேட்டிகள், எடுக்கச் சொன்னால் அபசகுனமாக எடுப்பார்களோ? அங்கிள் வயதானவர். இவருக்கு இது முதல் வருடம், நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். இவரைக் கூப்பிட்டேன். வாசலில் தலையை நீட்டினார், முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இஞ்சேருங்கோ, கயிறு ஆடுது. வேட்டிகளை எடுங்கோவன்."

"ஒண்டுமில்லையப்பா. காத்துத்தானே. இப்ப காஞ்சிடும்."

தலை போய்விட்டது. மூலையில் மணல் வழிந்துகொண்டிருந்தது. அங்கே சட்டத்தின் கால் பலகையிலிருந்து ஒரு விரல் உயர்ந்து, திரும்ப இறங்கியது. நான் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அடுப்பின் திரியைத் திருகி அணைத்தேன். பிறகு, என் வாழ்க்கையில் அதுவரை பொது இடத்தில் கத்தாத நான், அடித்தொண்டையால் "அக்கா!" என்று கத்தினேன்.

"என்ன பிள்ளை, என்ன, ஒண்டுமில்லை," என்று அங்கிளின் குரல் கேட்டது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தார்.

"எந்தக் கால்?"

"கார்ப் பக்கம்!"

அவர் அந்த மூலையில் வந்து விழவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. புதைத்த கட்டை மணலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கூடாரம் ஒரு பக்கம் எழுந்தது, கேத்தில் சரிந்து தளத்தில் கொட்டியது, மாமாவின் படம் கவிழ்ந்தது. "குனிஞ்சு வெளியிலை வாரும்!" என்று அக்கா கத்தினார். நான் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு வாசலால் குனிந்து ஓடினேன். வெளியே வந்ததும் அவர் சட்டத்தின் கொண்டிகளைத் தட்டிவிட்டார். நின்ற கூடாரம் அப்படியே மடிந்து மணலில் படுத்தது. படுத்த பிறகு காற்றுக்குப் பிடிக்க அதில் எதுவும் இல்லை. அங்கிளின் வேட்டி மட்டும் கயிற்றிலிருந்து கழன்று, எங்கள் தலைகளுக்கு மேலால் போய்க் கடலில் விழுந்து, குடாவின் நடுவை நோக்கிப் போனது.

அங்கிள் வேட்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் மடிந்த கன்வஸுக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, தகப்பனுடைய படத்தை வெளியே எடுத்தார். கண்ணாடி உடையவில்லை. அதைத் தன் கம்பளிச் சட்டைக்குள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

"வீட்டை போவம்," என்றார் என்னைப் பார்க்காமல். "இவ்வளவும் காணும். விளக்கை வீட்டிலை கொளுத்தலாம்."

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"எப்ப கண்டனீர்?" என்று கேட்டார்.

"வேட்டி போட்ட உடனை."

"அப்ப ஏன் அப்பவே கத்தேல்லை?" அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, என் கணவருக்கும் அங்கிளுக்கும் கேட்கும்படியாக என்னிடம் கேட்டார். "என்ன செய்யிறது? போறதோ, திருப்பிக் கட்டிறதோ? நீர் சொல்லும்."

ஏன் என்னிடம் கேட்கிறார் என்று நான் விழித்தேன். அங்கே முடிவு சொல்ல என்னைவிட மூத்தவர்கள், படித்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். நான் காருக்குள் போய் யன்னலை ஏற்றிவிட்டு, பிள்ளையின் சட்டையை உயர்த்தி விலாவைப் பார்த்தேன். தோல் உள்ளே இழுபடவில்லை. காதை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். விசில் இல்லை. முதுகு காய்ந்திருந்தது. அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்கு வெளியே இவர் சட்டைக்குள் படத்தை அணைத்துக்கொண்டு, போகத் தயாராக நின்றார். போய்விட்டால் இவர் என்னைக் குறை சொல்லமாட்டார். ஆனால் கரையில் பாதியில் விட்டதை எந்த வீட்டு விளக்காலும் முடிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. பிழையாகவும் இருக்கலாம். ஆனால் தோன்றியது அதுதான்.

யன்னலை இறக்கி, "திருப்பிக் கட்டுவம்," என்றேன்.

இந்த முறை மிஞ்சிய வேட்டிகளைக் காருக்குள் போட்டுவிட்டு ஆண்கள்தான் தோண்டினார்கள். அக்கா இடம் காட்டினார். விறைத்துப்போன விரல்களால் மணலை அள்ளி, கட்டைகளைப் புதைத்து, மேலே ஏறி மிதித்தார்கள். பல்லுக் கிட்டிக்கொண்டு ஒருவர், "கீரிமலையிலை இந்தக் கஸ்டம் இல்லை," என்றார். "கீரிமலையிலை உங்கடை வேட்டியைக் காயப் போட என்ரை கூடாரமும் இல்லை," என்றார் அக்கா. கட்டி முடிந்ததும் படங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

அக்கா வாசலை மறித்து நின்றுகொண்டார். "அவ பாக்கட்டும்," என்றார்.

நான் பிள்ளையைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கன்னம் சுட்டது. ஒவ்வொரு கயிறாகப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முதலாவது அசையவில்லை. இரண்டாவதும் இல்லை. கார்ப் பக்கத்துக் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் இழுத்தபோது மணலுக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்ந்த மாதிரி இருந்தது. நகர்ந்ததா, அல்லது நான் நினைத்தேனா? திரும்ப இழுத்துப் பார்த்தேன். என் கணவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒண்டுமில்லை என்று அவர் சொல்லவில்லை.

"இது காணாது," என்றேன். "இன்னும் ஆழமாத் தோண்டவேணும்."

அந்தக் கட்டையைப் புதைத்தவர் அங்கிள். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து, இரண்டு கைகளாலும் மணலை அள்ளத் தொடங்கினார். இவரும் பக்கத்தில் இருந்து அள்ளினார். கட்டை ஈர மணலின் அடிக்குப் போனது. நான் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

"இனிப் போகலாமோ, பிள்ளை?" என்று அங்கிள் கேட்டார்.

"ஓம், அங்கிள்."

என் கணவர் முதலில் போய்த் தகப்பனுடைய படத்தைப் பலகையில் வைத்தார். நான் பிள்ளையோடு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வெளியே காற்று முழுப் பலத்தோடு கன்வஸில் மோதியது. விளக்கேற்ற அவருக்கு ஒரே நெருப்புக்குச்சி போதுமாக இருந்தது.